வெள்ளை ஐஸில் கால் வைத்த மகனுக்கு

இயேசு மரி சூசை துணை

கீரி,
மன்னார்.
பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் மில்ரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். மடு மாதாவின் தயவால் நானும் அப்பாவும் தங்கச்சி ஜெனுஷாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், கஞ்சியோ கூழோ நேரத்துக்கு வயிற்றில் விழுகிறது, நீயும் மருமகள் நிறஞ்சலாவும் எங்கள் குஞ்சும் அந்தக் குளிருக்குள் இருமல் சளி ஒன்றும் அண்டாமல் இருக்கவேண்டும் என்று காலையில் கோயில் மணி கேட்கும்போதெல்லாம் உங்கள் மூன்று பேரையும் பெயர் சொல்லி நினைத்துக்கொள்கிறேன். என்னடா இது, முந்தாநாள்தானே போனில் கதைத்தோம், இந்த மனுசி இப்போது கடிதம் எழுதுகிறாளே என்று சிரிப்பாய். சிரி. போனில் நான் ஒரு விசயத்தைத் தொடங்கினால் நீ ஓம் அம்மா, ஓம் அம்மா என்கிறாய், அடுத்த ஓமுக்குள் போனைப் பிள்ளையின் முகத்துக்குத் திருப்பிவிடுகிறாய், அந்த முகத்தைக் கண்டதும் எனக்குச் சொல்ல வந்த கதையெல்லாம் மறந்துபோகிறது. உனக்கு அது நன்றாகத் தெரியும், கள்ளன். கடிதத்தை அப்படித் திருப்ப ஏலாது, இருந்து கடைசிவரைக்கும் வாசி. தன் அண்ணனின் கலியாணத்துக்கு வந்த பக்கத்து வளவு டினோஜா வருகிற வியாழன் உங்கள் பக்கம் திரும்பிப் போகிறாள், உயிர்த்த ஞாயிறுக்கு முன்னால் மில்ரன் அண்ணையின்ர கையில குடுப்பன் மாமி என்று சத்தியம் பண்ணியிருக்கிறாள், அதை நம்பித்தான் எழுதுகிறேன்.

முதலில் சொல்லவேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு ஊர்ப் புதினம். உயிர்த்த ஞாயிறு அன்று பிள்ளையையும் நிறஞ்சலாவையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கு நடுவே போய் ஐஸில் ஓட்டை போட்டு மீன் பிடித்து, அங்கே நின்றபடி எங்களுக்கு வீடியோ எடுக்கப்போகிறேன் என்றாயே, அது வேண்டாம் ராசா. போகாதே. இதற்கு மேல் நீ ஒன்றும் வாசிக்காவிட்டாலும் இதை மட்டும் மனத்தில் வை. ஆனால் வாசிப்பாய், எனக்குத் தெரியும், ஏனென்றால் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாத ஒரு விசயம் இதற்குள் இருக்கிறது, அதை நான் போனில் சொல்லமுடியாது, பக்கத்தில் அவர் இருப்பார்.

ஊரில் விசேடமாக ஒன்றும் இல்லை. காற்று விழுந்துவிட்டது, கடல் எண்ணெய் ஊற்றினதுபோலக் கிடக்கிறது, மீன்தான் இல்லை. போன கிழமை வலை கிழிந்து இரண்டு நாள் அப்பா கரையில் இருந்து பொத்தினார். ஜெனுஷாவுக்குக் கந்தோரில் வேலை நிரந்தரமாகிவிட்டது, இப்போது அவளுக்கு நடை கொஞ்சம் மாறியிருக்கிறது, என்னிடம் கதைக்கும்போதுகூட மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கதைக்கிற மாதிரி இருக்கிறது. உயிலங்குளத்துத் தம்பு அண்ணை புது நெல்லுக் குத்தி ஒரு மூட்டை அரிசி அனுப்பியிருக்கிறார், நாங்கள் பாரைக் கருவாடு அனுப்பினோம், அவரது மனுசி வசந்தமலர் இன்னும் உன்னைக் கேட்கிறா, தம்பி அங்க சோறு தின்னுறானோ ரொட்டி தின்னுறானோ என்று. கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை நடக்கிறது, அப்பா ஒரு வெள்ளியும் விடவில்லை. நீ சின்னனில் அவர் பூசைக்குப் பிந்திவந்து வாசலில் நிற்பதைப் பார்த்திருப்பாய், இப்போது முன் வரிசையில் முழந்தாளில் நிற்கிறார். ஏன் என்று கேட்காதே, சொல்லத்தான் போகிறேன்.

மார்கழியில் ஐஸுக்கு அடியில் வலை போடுகிற வேலைக்குப் போன இடத்தில் நீ ஐஸ் உடைந்து ஏரிக்குள் விழுந்ததை நீயாக எங்களுக்குச் சொல்லவில்லை. நிறஞ்சலா ஒரு நாள் போனில் அழுது எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள், நீ அவளை ஏசாதே, ஏசினாய் என்று கேள்விப்பட்டால் நான் இங்கிருந்தே உன் காதைத் திருகுவேன். அவள் சொன்னதைக் கேட்ட அன்றைக்கு எனக்கு அடுப்பில் வைத்த உலை நினைவில் இல்லை, தண்ணீர் வற்றிச் சட்டி கருகிப்போனது. அப்பா பக்கத்தில் கதிரையில் இருந்து முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். உன் சம்மாட்டி, அந்த வெள்ளைக்காரப் பொம்பிளை, அவவுக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறது என்று தெரியும், என் வாயில் நுழையவில்லை, வலைக்கும் வண்டிக்கும் சொந்தக்காரி என்றால் எங்கள் கரையில் சம்மாட்டிதானே, அவ இரும்பு அலவாங்கு ஒன்றைப் பிடித்து முன்னால் ஐஸைக் குத்திக் குத்திப் பார்த்து நடந்திருக்கிறா, நீங்கள் இரண்டு ஆண்கள் தள்ளித் தள்ளிப் பின்னால் வந்திருக்கிறீர்கள். அவ போன வழி கறுப்பாக இருந்ததாம். ஐஸ் அவ்வளவு தெளிவு, அடியில் தண்ணீர் கிடக்கிறது தெரியுமாம், பார்த்தால் ஆழக்கடல் மாதிரி இருந்ததாம். பக்கத்தில் ஒரு துண்டு வெள்ளை வெளேரென்று கிடந்ததாம். நீ கறுப்பில் கால் வைக்காமல் ஒதுங்கி வெள்ளையில் ஏறினாயாம். அவ திரும்பிப் பார்த்துக் கத்துவதற்குள் நெஞ்சளவு தண்ணீருக்குள் போய்விட்டாயாம்.

நிறஞ்சலா எங்கள் கரை ஆள் இல்லை, கொழும்பில் வளர்ந்தவள், அவளுக்கு விளங்கவில்லை. இவருக்கு ஏன் மாமி அவ போன வழியாலயே போகத் தெரியேல்லை, அப்பிடி என்ன அவசரம் என்று கேட்டாள். எனக்கு விளங்கியது. இந்தக் கரையில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் விளங்கும். தலைமன்னார்ப் பக்கம் திட்டுகளுக்குள் வள்ளம் போகும்போது கறுத்த தண்ணீர் என்றால் ஆழம், கால் வைக்கக்கூடாது, வெளிறின தண்ணீர் என்றால் அடியில் மணல், குதித்தால் இடுப்பளவுதான், வள்ளத்தை இழுத்துக்கொண்டு நடக்கலாம். நீ பள்ளிக்கூடம் போகமுன்னமே அப்படித்தான் குதித்தாய், வெள்ளையைக் கண்டால் உனக்குக் கால் நிற்காது. பனியும் ஐஸும் நிறைந்த அந்த ஏரியில் நின்றபோதும் உன் கால் இங்கேதான் நின்றிருக்கிறது. அங்கே எல்லாம் மறுவளம் என்று கால் எப்படி அறியும்? கறுப்பாய்த் தெளிந்த ஐஸ்தான் இறுகினதாம், வெள்ளை ஐஸ் பனியும் காற்றும் கலந்து உறைந்ததாம், அதற்குப் பாதி பலம்கூட இல்லையாம். ஜெனுஷா போனில் தேடி வாசித்துச் சொன்னாள். கந்தோருக்குப் போகிற பிள்ளை, இப்போது எங்கள் வீட்டில் ஏரி ஐஸைப் பற்றித் தெரிந்த அளவுக்கு மன்னாரில் வேறு ஒரு வீட்டிலும் தெரியாது.

அந்தப் பொம்பிளைக்காக நான் தினமும் ஒரு அருள்நிறை மரியே சொல்கிறேன். மற்றப் பெடியன் உன்னை நோக்கி ஓடிவர வெளிக்கிட்டானாம், அவ அவனை அதட்டி நிற்பாட்டிவிட்டுத் தான் குப்புறப் படுத்துக்கொண்டு கயிற்றை எறிந்தாவாம். எங்கள் கடலில் ஒருவன் தண்ணீருக்குள் விழுந்தால் எல்லோரும் அந்தப் பக்கம்தான் பாய்வார்கள், பாயாதவனை மனுசனாக மதிக்கமாட்டார்கள், அங்கே பாய்ந்தால் எல்லோரும் சேர்ந்து போகவேண்டியதுதான். நீ முன்னுக்கு ஏறப் பார்த்தாயாம், வந்த பக்கம் திரும்பு, வந்த பக்கம் திரும்பு என்று அவ கத்தினாவாம், ஏனென்றால் நீ நடந்து வந்த ஐஸ் உன்னைத் தாங்கின ஐஸ், முன்னால் இருப்பது எப்படி என்று யாருக்கும் தெரியாது. முழங்கையை ஊன்றிக் காலை நீச்சல் அடிக்கிறதுபோல அடித்து மேலே வந்து, எழும்பி நிற்காமல் உருண்டு உருண்டு வந்தாயாம். என்னுடைய பிள்ளை, பெரிய மீசை வைத்த பிள்ளை, அந்த வெறும் வெளியில் உருண்டு வந்திருக்கிறது. இதை எழுதும்போது பேனையை வைத்துவிட்டுப் போய் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

சரி, இனி அப்பாவின் கதை. நிறஞ்சலா சொன்ன அன்றிலிருந்து அப்பா உன்னோடு போனில் கதைக்கவில்லை. நீ கேட்கும்போதெல்லாம் கடலுக்குப் போயிட்டார், கோயிலுக்குப் போயிட்டார், படுத்திட்டார் என்று நான் பொய் சொன்னேன், அவர் அறைக்குள் இருந்து நீ சிரிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். நீ அதை வேறுமாதிரி எடுத்துவிட்டாய். அருட்பிரகாசத்தின்ர மகன் தண்ணி பாக்கத் தெரியாமல் விழுந்தான் எண்டு அப்பாவுக்கு வெக்கம், அதுதான் கதைக்கிறார் இல்லை என்று நீ நிறஞ்சலாவிடம் சொல்லியிருக்கிறாய். அதனால்தானே இந்த வீடியோ? ஏரிக்கு நடுவே குடும்பத்தோடு நின்று மீனையும் தூக்கிக் காட்டினால் அப்பா வாய் திறப்பார் என்றுதானே? நீ சொல்லாவிட்டாலும் பெற்றவளுக்குத் தெரியும். உனக்கு விசர் மகனே. அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே விசர்.

மாசி மாதத்தில் ஒரு நாள் அப்பா என்ன செய்தார் தெரியுமா? தாராபுரத்துச் சரிபுதீன் நானா காலையில் லொறியில் கரைக்கு ஐஸ் கொண்டுவருவாரே, அவரிடம் ஒரு முழுக் கட்டி ஐஸை உடைக்காமல் வாங்கி, சாக்கில் சுற்றிச் சைக்கிளில் வைத்துக் கட்டி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். மீன் பெட்டிக்குப் போடத்தான் ஆக்கும் என்று நினைத்தேன், அன்றைக்குப் பெட்டி வெறும் பெட்டி. வளவுக்குள் வைத்துத் தச்சு வேலை செய்கிற வாளை எடுத்து அந்தக் கட்டியை நீளவாக்கில் அரியத் தொடங்கினார். என்னப்பா செய்யிறியள், உங்களுக்கு மண்டை கழண்டு போச்சோ என்று கேட்டேன், சும்மா இரப்பா என்றார். ஐஸ் கட்டியை நீயும் ஆயிரம் தரம் தூக்கியிருப்பாய், ஓரமெல்லாம் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும், நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு தண்டு ஓடும், அதை இத்தனை வருசம் யார் கவனித்தோம், உடைத்து மீனுக்கு மேல் கொட்டுகிறது, அவ்வளவுதான். அப்பா ஓரத்தில் ஒரு பலகை, நடுவெள்ளையில் ஒரு பலகை, இரண்டையும் என் உள்ளங்கை அகலத் தடிப்பில் அரிந்தெடுத்தார். இரண்டு சீமெந்துக் கல்லைத் தள்ளித் தள்ளி வைத்து, முதலில் வெள்ளையைப் பாலம்போல் மேலே வைத்து, வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு அதில் ஏறி நின்றார்.

படக் என்று இரண்டாய் முறிந்தது. ஆள் சேற்றுக்குள். பின்னாலேயே லொறியைக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுச் சரிபுதீன் நானாவும் பார்த்துக்கொண்டுதான் நின்றார், என்ன அண்ணே, மீனை விட்டிட்டு இனி ஐஸ் பிடிக்கப் போறியளோ என்று பகிடி விட்டார். அப்பா தெளிந்த பலகையை எடுத்து வைத்து அதில் ஏறினார். நின்றது. இரண்டு காலையும் வைத்து, கதியாலில் இருந்து கையையும் எடுத்தார், அப்போதும் நின்றது. அப்படியே கன நேரம் நின்றார், வெறும் காலோடு, காலெல்லாம் சிவந்துபோய். இறங்குங்கோ, காய்ச்சல் வரும் என்று நான் கத்தினேன். நானாவும் அப்போது பகிடியை விட்டுவிட்டார், அவருக்கும் மகன் கட்டாரில் இருக்கிறான், அவருக்கு ஏதோ விளங்கியிருக்கவேண்டும், அண்ணே நாளைக்கும் ஒரு கட்டி தாறன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளும் கட்டி வந்தது. அன்றைக்கு அப்பா தெளிந்த ஓரத்தை மட்டும் நல்ல தடிப்பாக அரிந்து வெயிலில் போட்டார். நீதானே போனில் ஜெனுஷாவிடம் சொல்லியிருந்தாய், பங்குனி சித்திரையில் வெயில் ஏறினாலும் ஐஸ் நல்ல தடிப்பாய்த்தான் இருக்கும் என்று, அந்தத் தடிப்பைப் பார்க்கத்தான். கொஞ்ச நேரம் வெயில் குடித்தது, ஓரம் கரைந்தது, ஆனாலும் பார்வைக்கு நல்ல மொத்தம்தான், முதல் நாள் அவரைத் தாங்கின பலகையைவிட இன்னும் கூடத் தடிப்பு. அலவாங்கின் நுனியால் மெல்ல ஒரு தட்டுத்தான் தட்டினார். மில்ரன், அது முறியவில்லை, அவிழ்ந்தது. ஈர்க்குக் கட்டின் கயிற்றை அறுத்துவிட்டதுபோல நீட்டு நீட்டுக் குச்சியாய்ப் பிரிந்து விழுந்தது. ஒரு குச்சிக்கும் அடுத்த குச்சிக்கும் ஒரு பிடிப்பும் இல்லை. நான் விளக்குமாறு எடுக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அப்பா அந்தக் குச்சிகளைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டு சேற்றுக்குள் குந்தியிருந்தார், அது அவர் கைக்குள் கரைந்து முழங்கையால் வழிந்தது.

அப்போதுதான் வாய் திறந்தார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை. திரேசு, அவன் என்ர கண்ணாலதான் பாத்தவன், அவனுக்கு வேற கண் ஏது, நான் அதில நிண்டிருந்தாலும் அந்த வெள்ளையிலதான் கால் வைச்சிருப்பன் என்றார். பிறகு சாரத்தின் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனைக் கையில எடுத்து அவன்ர முகத்தைக் கண்டால் தண்ணிக்குள்ள கிடக்கிற மாதிரித்தான் தெரியுது, நான் அழுதால் அவன் அங்க தனிய இருந்து என்ன செய்வான் என்றார். உன் அப்பா அழுததை நான் கலியாணம் முடித்த நாளில் இருந்து பார்த்தது அவரது ஆத்தை செத்த அன்று மட்டும்தான். வெட்கம் என்றாயே ராசா. வெட்கம் இல்லை, பயம். உன்மேல் உள்ள உயிர். அதை அந்த மனுசனுக்குச் சொல்லத் தெரியாது, ஐஸ் கட்டியை அரியத்தான் தெரியும்.

ஆகவே நீ நடு ஏரியில் நின்று கையைக் காட்டினால் அவர் பெருமைப்படமாட்டார், அந்தக் குச்சிகளைத்தான் பார்ப்பார். நீ சொல்லுவாய், அம்மா, இன்னும் ஒரு முழத் தடிப்புக் கிடக்கு, லொறியே ஓடலாம் என்று. முந்தாநாளும் அதைத்தான் சொன்னாய். நீ சொல்லும்போது நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, உனக்குப் பின்னால் பார்த்தேன். கரையோரம் ஐஸ் சாம்பல் நிறத்தில் கிடந்தது, மண்ணை விட்டு விலகி இடையில் தண்ணீர் தெரிந்தது, பிள்ளை சிவப்புச் சப்பாத்தோடு அந்த ஓரத்தில் நின்று கல்லெறிந்துகொண்டிருந்தாள். சாம்பல் நிறம் என்றால் ஐஸுக்குள் தண்ணீர் ஊறிவிட்டது என்று ஜெனுஷா சொன்னாள், கரையை விட்டுப் பிரிந்தால் அது மிதக்கத் தொடங்கிவிட்டதாம். உன் சம்மாட்டி பங்குனி பிறந்ததும் வலையெல்லாம் இழுத்து, மீன் பிடிக்கிற குடிலையும் கரைக்கு ஏற்றிவிட்டா என்று நீதான் சொன்னாய், சொல்லிவிட்டு அவ பயந்தவ அம்மா என்று சிரித்தாய். உன்னைத் தண்ணீருக்குள் இருந்து இழுத்தெடுத்தவ பயந்தவவா? நல்ல வாய்க்கொழுப்பு உனக்கு. கீரியில் சம்மாட்டி வள்ளத்தை மேட்டுக்கு ஏற்றின பிறகு எவனாவது தனியக் கடலுக்குப் போவானா? போனால் ஊர் என்ன சொல்லும்? அந்த ஏரியில் பிறந்து வளர்ந்தவ வலையை ஏற்றிவிட்டா என்றால் உனக்கும் வலை ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

நீ அந்த வேலையை விடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ரொறன்ரோவில் பண்டகசாலையில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த காலத்தில் உன் குரலில் உயிர் இல்லை, தண்ணி இல்லாத இடத்தில மூச்சு முட்டுதம்மா என்று சொல்லித்தானே அந்த ஏரிக்கரைக்குப் போனாய், போன இடத்தில் பாதி வருசம் தண்ணீர் கல்லாய்க் கிடக்கிறது, அது உன் தலையெழுத்து. அடுத்த மாரிக்கு நீ போவாய், போ. ஆனால் அவவுக்குப் பின்னால் போ, அவ கால் வைத்த இடத்தில் கால் வை, உனக்கும் ஒரு அலவாங்கு வாங்கிப் பிடி, குத்தினால் என்ன சத்தம் வருகிறது என்று காதையும் பழக்கு. தெளிந்த ஐஸ் நாலங்குலம் இருந்தால் ஆள் நடக்கலாமாம், வெள்ளை என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டுமாம். ஆறு வந்து விழுகிற வாய், கோரைப் புல், கல்லு இருக்கிற இடம், ஐஸ் வெடித்து மேலே தள்ளின வரம்பு, இவற்றுக்குக் கிட்டப் போகக்கூடாதாம். பனி விழுந்து மூடின இடத்தில் ஐஸ் தடிக்காதாம், பனி போர்வைபோல் மூடிச் சூட்டை வைத்திருக்குமாம். குளிருக்குக் குளிரே போர்வையாம், இது என்ன கோதாரி நாடோ தெரியாது. பிடி போட்ட இரண்டு ஆணியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போடுவார்களாமே, விழுந்தால் ஐஸில் குத்தி ஏற, அதைச் செபமாலையோடு சேர்த்துப் போடு, செபமாலையை விட்டுவிட்டு அதை மட்டும் போடாதே. கறுப்பைக் கண்டு கால் கூசினால் கூசட்டும், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, நின்று கேள், இதில நடக்கலாமோ என்று வாய் திறந்து கேள். உன் அப்பனுக்கு இல்லாத வாய் அது, நீயாவது திறந்து பழகு.

டினோஜாவிடம் பாரைக் கருவாடு, ஒடியல் மா, மிளகாய்த்தூள், பிள்ளைக்கு ஒரு சட்டை கொடுத்துவிடுகிறேன். கருவாட்டை மூன்று பையில் போட்டுக் கட்டியிருக்கிறேன், ஆனாலும் மணக்கும், அவள் பாவம், விமானத்தில் யாராவது மூக்கைச் சுளித்தால் உன் பெயரைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். சட்டை பெரிதாக இருந்தால் கை மடித்துப் போடு, பிள்ளைகள் அங்கே கெதியாய் வளருதுகள். நிறஞ்சலாவைத் தனிய அழவிடாதே. அவளுக்கு அங்கே தாயும் இல்லை மாமியும் இல்லை, நீ தண்ணீருக்குள் போன கதையை மூன்று கிழமை அவள் தனிய வைத்திருந்தாள்.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்க அப்பா கடலால் வந்துவிட்டார். நான் கடிதத்தை மறைக்கப் பார்த்தேன், கண்டுவிட்டார். ஆருக்கு எழுதுறாய் என்று கேட்டார், ஆருக்கு எழுதுவன், உங்கட மகனுக்குத்தான், எல்லாம் எழுதிப்போட்டன், நீங்கள் ஐஸில விழுந்ததும் எழுதிப்போட்டன் என்று சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை, கிணற்றடிக்குப் போய் மேல் கழுவிவிட்டு வந்து, ஈரத் தலையோடு எனக்குப் பின்னால் நின்றார், வாசிக்கிறாரோ சும்மா நிற்கிறாரோ தெரியவில்லை, எழுத்தில் தண்ணீர் சொட்டியிருந்தால் அது அவரது தலையால் சொட்டினது. பிறகு சொன்னார், உயிர்த்த ஞாயிறு பூசை முடிஞ்சு வந்து நான்தான் போன் எடுப்பன் எண்டு எழுது என்றார். எழுதிவிட்டேன். இன்னும் நின்றார். வேற என்ன எழுத என்று கேட்டேன். முகத்தைப் பிறகு காட்டட்டும், முதல்ல காலைக் காட்டச் சொல்லு, அவன்ர கால், அவள்ர கால், பிள்ளையின்ர கால், மூண்டு பேரின்ர காலுக்குக் கீழயும் மண் தெரிஞ்சால் நான் கதைப்பன், எவ்வளவு நேரம் எண்டாலும் கதைப்பன் என்றார்.

மடு மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும், புனித சூசையப்பர் உன் கையில் வேலையையும் நெஞ்சில் அமைதியையும் தரட்டும், எங்கள் குஞ்சின் நெற்றியில் எனக்காகவும் அப்பாவுக்காகவும் ஒவ்வொரு சிலுவை போட்டுவிடு. அங்கே மண்ணும் பனிக்குக் கீழேதான் கிடக்கும் என்று சாட்டுச் சொல்லாதே. சப்பாத்தால் சுரண்டிக் காட்டு, அப்பா பார்த்துக்கொண்டிருப்பார்.

உன்னைப் பெற்ற அம்மா,
திரேசம்மா